துக்க வீட்டில் சொன்ன ஒரு ‘வாங்க’

தம்பி,

நேற்று உன் ஜெர்மன் வகுப்பு மிஸ் எனக்குப் போன் செய்தார்கள். நீ வகுப்புக்கு வருகிறாயாம், கடைசி பெஞ்சில் உட்கார்கிறாயாம், எழுதச் சொன்னால் எழுதுகிறாயாம். எழுந்து நின்று பேசச் சொன்னால் மட்டும் வாய் திறப்பதில்லையாம். வருகிற புதன்கிழமை ஜெர்மனியிலிருந்து அந்த ஊர் ஹோட்டல்காரர் உன்னை வீடியோவில் பார்க்கப்போகிறார் என்றும், சாப்பிட வருகிறவர்களை வாசலில் வரவேற்று, மேஜைக்கு அழைத்துப்போய் உட்கார வைப்பதுபோல நீ செய்துகாட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். அதில் தேறினால்தான் வேலை. தேறாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். “நல்லாப் பேசிக்கிட்டிருந்த பையன்மா, வீட்டுல ஏதும் பிரச்சனையா?” என்று கேட்டார்கள். அப்பா போனது அவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. சொன்னாலும் புரிந்திருக்குமோ என்னவோ, நான் சொல்லவில்லை. உன்னிடமே போனில் பேசலாம் என்றால், “சரிம்மா” என்கிறாய், “சாப்ட்டேம்மா” என்கிறாய், வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதையும் படி.

போன வருஷக் கடைசியில் நீ வீட்டிலிருந்து போனிலேயே வகுப்புக் கேட்டுக்கொண்டிருந்தாயே, அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கிற வாசற்படிதான் ஹோட்டல் வாசல். அப்பாவும் நானும் சாப்பிட வந்தவர்கள். அப்பா வயலிலிருந்து வந்து, கால் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெரிய துரை மாதிரி வந்து நிற்பார். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு “கூட்டன் ஆபெண்ட்” என்பாய். வணக்கம் என்று அர்த்தம். அடுத்தது “ஹாபன் ஸீ ரெஸெர்வியர்ட்?” முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறீர்களா என்று அர்த்தம். அதைக் கேட்டதும் அப்பாவுக்கு ஒரே கோபம். “சாப்பிட வந்தவன்கிட்ட சொல்லிட்டு வந்தியான்னு கேக்குறதாடா மரியாதை? எங்கப்பா இருந்தா உன்னை விளாசியிருப்பாரு” என்பார். அதற்கடுத்தது இன்னும் மோசம். “ஃப்யூர் வீஃபீலே பெர்ஸோனன்?” எத்தனை பேர்? நம் வீடுகளில் சாப்பிட வந்தவர்களைத் தலை எண்ண மாட்டார்கள், எல்லாரும் வாங்க என்பதுதான் பேச்சு. ஆனாலும் அப்பா அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டார். மார்பை நிமிர்த்தி, என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, “த்ஸ்வை” என்பார். ரெண்டு. எத்தனை நாள் ஆடினாலும் அதே பதில்தான். நீ “பிட்டே, நேமன் ஸீ ப்ளாட்ஸ்” என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போடுவாய். தயவுசெய்து உட்காருங்கள். அங்கேயெல்லாம் யாராவது வந்து கூப்பிட்டு உட்கார வைக்கிறவரை வாசலிலேயே நிற்பார்கள் என்று நீ சொன்னபோது அப்பா நம்பவே இல்லை. நம் கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவன் ரசத்துக்கு வரும்போதே அடுத்தவன் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறானே, அதைப் பார்த்தால் அந்த ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டுச் சிரித்தார்.

சித்திரை வெயிலில் நாற்றங்கால் உழும்போது அப்பா வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். கூட இருந்தவர் மாரிமுத்து ஒருவர்தான். அப்பாவும் அவரும் ஒரே வயது. அவர் தெற்குத் தெருவிலிருந்து நம் வயலுக்கு வேலைக்கு வந்தவர் என்பதும், அந்தத் தெருக்காரர்கள் நம் தெருவில் எங்கே நிற்பார்கள், எங்கே நிற்கமாட்டார்கள் என்பதும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வண்டி வருகிற ரோடு வரைக்கும் அப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் அவர்தான். ஆஸ்பத்திரியில் எதுவும் செய்ய இடமில்லாமல் போய்விட்டது. அப்பாவைக் கொண்டுவந்து கிடத்தியபோது பந்தல் போட்டாகி, வாடகை நாற்காலிகளும் வந்து இறங்கிவிட்டன. நீ வாசலில் நின்றாய். உனக்கு அழுகை வரவில்லை. நின்றுகொண்டே இருந்தாய். வருகிறவர்களைப் பார்த்தாய். மாரிமுத்து வேப்பமரத்தடியில் நின்றார். சட்டையெல்லாம் சேறு, மரத்தில் சாய்ந்துதான் நிற்க முடிந்தது. நீ போய் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டுவந்து, பந்தலுக்குள்ளே, பெரியப்பா வரிசையிலேயே போட்டு, நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டு, “வாங்கண்ணே, உக்காருங்க” என்றாய். கூடத்தில் ஆடிய அதே மாதிரி, அதே தலைசாய்ப்பு. மாரிமுத்து வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் போட்டு அழுதார். அப்பாவுக்காக அந்த வாசலில் அப்படி அழுத ஆம்பிளை அவர் ஒருத்தர்தான்.

துக்க வீட்டில் யாரையும் வாங்க என்று கூப்பிடக் கூடாது. வந்தவர்களும் போய்வருகிறேன் என்று சொல்லாமல்தான் எழுந்து போவார்கள். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. உனக்கும் தெரியும். மாதக்கணக்கில் வாயில் ஊறிப்போன வார்த்தை, மூளை மரத்துப்போன நேரத்தில் தானாக வந்துவிட்டது, அவ்வளவுதான். பெரியப்பா எழுந்து வந்து உன் தோளைப் பிடித்துத் திருப்பி, “சாவு வீட்டுல யாருடா வாங்கன்னு கூப்பிடுவான்? இன்னொண்ணையும் கூப்பிடுறியா?” என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். மாரிமுத்து எழுந்து மரத்தடிக்கே போய்விட்டார். அத்தோடு அது முடிந்திருக்கும். வைகாசி கடைசியில் உன் சித்தப்பா மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்துச் செத்துப்போனதால் முடியாமல் போனது.

அன்றைக்குப் பெரியப்பா வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஊரே அவர் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தது. கருநாக்கு என்றார்கள். பிள்ளை அழைத்தது, வந்துவிட்டது என்றார்கள். உன் சித்தி செல்வி தலைவிரிகோலமாக ஓடிவந்து உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “நீ வாங்கன்னு சொன்னது என் வீட்டு வாசலுக்கு வந்துடுச்சேடா” என்று கத்தினாள். நீ அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாய். கூட்டத்தில் அத்தனை தலைக்கு நடுவில் என் முகத்தைத் தேடிப் பார்த்தாய். நான் குனிந்துகொண்டேன்.

இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு நொடிக்காகத்தான், தம்பி. சித்தி பேசியதையோ பெரியப்பா பேசியதையோ நீ மனதில் வைத்துக்கொண்டிருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவும் நம்பிவிட்டாள் என்பதுதான் உன் வாயை அடைத்திருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பொய் சொல்லி உன்னைத் தேற்றினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். ஆமாம், நம்பினேன். அன்றைக்கு நம்பினேன், மறுநாளும் நம்பினேன். நீ தஞ்சாவூருக்குக் கிளம்பிப் போனபோது தெருமுனை வரைக்கும்கூட நான் வரவில்லை, கவனித்திருப்பாய். உன்னைப் பார்க்கவே பயமாக இருந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயந்தேன். புருஷன் போய், கொழுந்தனும் போய், யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியாமல் கிடந்த மனசுக்கு அந்தச் சொல் கையில் கிடைத்த கழியாக இருந்தது. பிடித்துக்கொண்டேன். அது உன் மேல்தான் விழும் என்று யோசிக்கவில்லை.

அந்தக் கழியை நான் எப்படிக் கீழே போட்டேன் என்று கேள். ஆனி மாதம் மேலத்தெருவில் ஒரு கல்யாணம். அந்த வாசலைத் தாண்டித்தான் ரேஷன் கடைக்குப் போக வேண்டும். பந்தல் முகப்பில் சந்தனக் கிண்ணமும் கல்கண்டுத் தட்டுமாக ஒரு பெண் நின்று, போகிற வருகிற எல்லாரையும் வாங்கத்தை, வாங்க சித்தப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. என்னைப் பார்த்ததும் அதன் வாய் பாதியில் நின்றது. பின்னால் நின்ற ஒருத்தி அதன் தோளைத் தொட்டு உள்பக்கம் திருப்பிவிட்டாள். நான் தாண்டிப் போகிறவரை இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானும் அந்தப் பக்கம் நின்று அப்படித் திரும்பியவள்தான். ஆனால் பையோடு ரேஷன் கடையில் நிற்கும்போது உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு ‘வாங்க’வுக்கு இவ்வளவு கனம் இருக்கிறது என்பது அது கிடைக்காமல் போனபோதுதான் தெரிந்தது. இந்த ஊரில் அந்த வார்த்தையை யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்லக் கூடாது என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. நீ அந்தக் கணக்குத் தப்பும்படி ஒருவருக்குச் சொல்லிவிட்டாய்.

அதற்கடுத்த வாரம் மாரிமுத்து வந்தார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று முற்றிப்போகிறது, நடுவதா வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்க வந்திருந்தார். வழக்கம்போல மரத்தடியில் நின்றார். பாதி ஆளாக இளைத்திருந்தார். பெரியப்பா வயலில் அவரை இப்போது வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. உள்ளே வந்து உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் பன்மையில் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் ஒரு அடி பின்னால் போய், “வேணாம்மா. ஒருதரம் உக்காந்து பட்டது போதும்” என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: “அன்னைக்கு நான் சேர்ல உக்காந்ததாலதான் சின்னய்யா கரண்ட் அடிச்சுப் போயிட்டாருன்னு சொல்றாங்க. எங்க தெருவுலயும் அப்படித்தான் பேசிக்கிறாங்க. எனக்கும் படுத்தா அதான் தோணுது. தம்பி கூப்பிட்டுச்சுன்னு நான் வந்திருக்கக் கூடாது.”

எனக்கு அப்போது வந்த கோபம் அப்பா செத்ததிலிருந்து வராத கோபம். நீ அங்கே வாய் அடைத்துக் கிடக்கிறாய், இவர் இங்கே உடம்பு வற்றி நிற்கிறார். தோளில் சுமந்துகொண்டு ஓடினவரும், நாற்காலி போட்டவனும் கொலைகாரர்கள் மாதிரித் தலை குனிந்துகொண்டிருக்கிறீர்கள். உன் சித்தப்பாவைக் கொன்றது எது என்று பெரியப்பாவுக்குத் தெரியும். அந்த ஸ்டார்ட்டர் பெட்டி தொட்டால் அடிக்கும் என்று ஊருக்கே தெரியும். சித்தப்பா ஒரு காய்ந்த பூவரசங்குச்சியை வைத்துக்கொண்டு அதைத் தட்டித்தான் மோட்டார் போடுவார். மாற்று, மாற்று என்று அப்பா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார், அறுப்பு முடியட்டும் என்று சித்தப்பா தள்ளிக்கொண்டே போனார். அன்றைக்கு விடியற்காலையில் மழை, குச்சியும் நனைந்திருந்தது, கையும் நனைந்திருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, பழி உன் சொல்மேல் விழுந்தது. பெரியப்பாவுக்கு உண்மையில் உறுத்தியது நீ சொன்ன வார்த்தை இல்லை, தம்பி. தனக்குப் பக்கத்து நாற்காலியில் மாரிமுத்து உட்கார்ந்ததுதான் உறுத்தியது. அதை வெளியே சொல்ல இப்போது வெட்கம். அதனால் சாஸ்திரத்தைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். இதை அவரிடமே போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் நம் வாசலை மிதிக்கவில்லை.

மாரிமுத்துவிடம், “அவரைத் தோள்ல தூக்கிட்டு ஓடுனீங்க, அந்தக் களைப்புக்கு உக்காந்தீங்க. அதுக்கெல்லாம் யாரும் சாக மாட்டாங்க. வாங்க, உக்காருங்க” என்றேன். அவர் வந்தார். உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே நடவைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அதை நான் பல தடவை யோசித்துவிட்டேன். நீ சொன்னபோது உட்கார்ந்தவர் நான் சொன்னபோது உட்காரவில்லை. நீ சொன்னதில் யோசனை இல்லை, கணக்கு இல்லை. நின்று களைத்த மனுஷனைப் பார்த்தாய், நாற்காலி போட்டாய். நான் வெகுகாலம் கழித்துச் சொன்னேன், அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இனிமேல் அவர் வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கப்போகிறேன். என்றைக்காவது உட்காருவார், உட்காராமலே போனாலும் போவார்.

சித்தியை வெறுக்காதே. அவளுக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. இரும்புப் பெட்டியைத் திட்டி யாருக்கு ஆறும்? போன வெள்ளிக்கிழமை கொல்லைப்பக்கமாக வந்தாள். புதிதாக விதவையானவளை எந்த வீட்டிலும் வா என்று சொல்ல மாட்டார்கள், அதனால் வேலி ஓரத்திலேயே நின்றாள். நான் கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “தம்பி எப்படிக்கா இருக்கு?” என்றாள். அதற்கு மேல் அவளால் கேட்க முடியவில்லை. மன்னிப்பு என்று எதிர்பார்க்காதே, நம் ஆட்களுக்கு அது வாயில் வராது. இதுதான் அவளுக்கு வந்தது.

நீ போனால் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். அதை இல்லை என்று சொல்லி உன்னை அனுப்ப எனக்கு இஷ்டம் இல்லை. சாயங்காலம் ஆனால் கூடத்தில் அந்த வாசற்படியைத் தாண்டக் கஷ்டமாக இருக்கிறது. அங்கேயும் எல்லாம் நன்றாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. குளிரும், கால் வலிக்கும், உன் நிறத்தைப் பார்த்துவிட்டு வேறு ஆளை வரச்சொல் என்பவனும் இருப்பான். அப்போது மாரிமுத்துவை நினைத்துக்கொள். நாற்காலியிலிருந்து எழுப்பப்பட்டவர் எப்படி எழுந்து போனார் என்று நீ பக்கத்திலிருந்து பார்த்தவன். யாரையும் அப்படி எழுப்பாதே. நனைந்துகொண்டு வருகிறவனோ, கிழிந்த செருப்போடு வருகிறவனோ வாசலில் தயங்கி நின்றால் முதலில் அவனிடம் போ. மனுஷனைக் கூப்பிட்டு உட்கார வைப்பது ஒரு வேலையா என்று ஊரில் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த ஒன்றைச் செய்யத் தெரியாமல்தான் இந்த ஊர் இப்படி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில், மன்னார்குடியில் மாறி, தஞ்சாவூருக்கு வருகிறேன். உன் அறைக்கு வந்து கதவைத் தட்டுவேன். நீ திறந்ததும் என்னம்மா திடீரென்று என்று கேட்கக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வணக்கம் சொல். முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறீர்களா என்று கேள், இந்தக் கடிதம்தான் அது என்று சொல்கிறேன். அதற்கடுத்த கேள்வியில் நீ நிற்பாய், எனக்குத் தெரியும். எத்தனை பேர் என்று அம்மாவைப் பார்த்து எப்படிக் கேட்பது என்று விழுங்குவாய். விழுங்காதே. புதன்கிழமை அந்த ஊர்க்காரரிடமும் அதைக் கேட்டாக வேண்டும். எனக்கு அப்பா சொன்ன ‘த்ஸ்வை’ மட்டும்தான் தெரியும். ஒன்று என்பதற்கு என்ன சொல்வது என்று நேற்று உன் மிஸ்ஸிடம் போனிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்தேன், குரல் வரவில்லை. நீ கேள், தம்பி. நீ கேட்டால்தான் நானும் சொல்லிப் பழக முடியும்.

அம்மா